தகட்டில் பூசிய றெசின்

மடிக்கணினி காற்று காய்ந்து கிடக்கிறது என்றது. யன்னலுக்கு வெளியே மண்டைதீவுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நிமலினி திரையையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

குருநகர் வீட்டு மொட்டைமாடியில் இருந்த பெட்டி அவள் செய்தது. காற்றிலுள்ள நீராவியின் மெல்லிய அலையைப் பிடித்து, மழை எவ்வளவு கிட்ட என்று மடிக்கணினிக்குச் சொல்லும். அதன் வாயில் ஒரு செப்புத் தகடு, தகடு முழுக்க மயிரிழைக் கோலங்கள். நீராவியின் அலையை மட்டும் உள்ளே விட்டு, போன் கோபுரத்து அலை முதலான மற்றதையெல்லாம் திருப்பி அனுப்புவது அந்தக் கோலத்தின் வேலை. அதை உள்ளங்கை அளவுக்குச் சுருக்க அவளுக்கு மூன்று வருடம் போயிற்று.

காலையில் தம்பி கெல்வின், "அக்கா, கடலுக்குப் போகலாமோ?" என்று கேட்டான்.

"ஓம், காத்து நல்லாக் காய்ஞ்சிருக்கு."

கார்த்திகை மாதத்தில் காற்று காயுமா என்று கேட்க அந்தப் படித்த மூளைக்குத் தோன்றவில்லை.

அவன் வள்ளத்தோடு போய்விட்டான். இப்போது அவள் மொட்டைமாடிக்கு ஓடினாள். தகடு பளபளத்தது. பக்கத்தில் கெல்வினின் பூச்சுப் பிறஸ், வள்ளத்துக்குப் பூசுகிற றெசின் என்ற பிசினின் மணத்தோடு. உப்புக்காற்று தின்னாமலிருக்க இந்தத் தெருவில் எல்லாவற்றுக்கும் அதைப் பூசுவார்கள். அக்காவின் தகட்டுக்கும் ஆசையாகப் பூசிவிட்டான். அந்தப் படலம் போதும், கோலம் வேறோர் அலையை உள்ளே விடத் தொடங்கிவிடும். நீராவியின் அலை வாசலிலேயே நின்றுவிட்டது.

போன் எடுத்தாள். "கெல்வின், திரும்பு. பெட்டி பிழை. நீ பூசின றெசினாலை."

"ஒரு பூச்சுக்குப் பெட்டி பிழையாகுமே? சும்மா பயப்பிடாதை அக்கா."

அவளைவிட அவன்தான் அந்தப் பெட்டியை நம்பினான். விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

"அம்மா விழுந்திட்டா," என்றாள். "தலையிலை இரத்தம்."

"வாறன்."

காற்று கிளம்பி மழை அடித்தது. நிமலினிக்குச் செபம் வாயில் வரவில்லை, வாசலில் நின்று தெருவையே பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் கெல்வின் தெப்பமாக நனைந்து ஓடி வந்தான். அம்மா ஐரிஸ் அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

அம்மாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். கோபப்படவில்லை. முகம் வெளுத்துப் போயிற்று.

"எங்கடை தெரு லெனாட் அண்ணையாக்களின்ரை மூண்டு வள்ளமும் எனக்குப் பின்னாலை கடலுக்கு வந்தது," என்றான். "ஏன் திரும்பிறாய் எண்டு கேட்டவை. அம்மாவுக்கு ஏலாது, நீங்கள் போங்கோ, அக்கான்ரை பெட்டி நல்ல காத்தெண்டுதான் சொன்னது எண்டு சொன்னனான்."

நிமலினி லெனாட்டின் இலக்கத்தை அழுத்தினாள். மணி போகவில்லை. மறுபடி அழுத்தினாள்.