ஆளில்லாத மூலை

கம்பெனி கடைசல் பிரிவை மூடுகிறது. அங்கே வேலை செய்பவர்களை, ரயிலில் ஒரு இரவுப் பயண தூரத்தில் இருக்கும் இன்னொரு ஆலைக்கு அனுப்பப்போகிறார்கள். கம்பெனியின் சதுரங்க அணியில் இருப்பவர்களுக்கு மட்டும் மாற்றல் கிடையாது. அணியில் ஒரே ஒரு இடம் பாக்கி. அதற்கான கடைசி ஆட்டத்தில், அந்தப் பிரிவில் கடைசல் இயந்திரம் ஓட்டும் டர்னருக்குக் கறுப்புக் காய். எதிரே ஸ்டோர் கீப்பர். ஆலையில் அவரை ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆமை அரைப் புள்ளி முன்னால் இருந்தார். டிரா ஆனாலும் இடம் அவருக்கே. டர்னர் ஜெயித்தே ஆகவேண்டும்.

ஊரைவிட்டுப் போக முடியாததற்குக் காரணம் வீட்டில் கட்டிலில் கிடந்தது. மாமனாருக்குப் பக்கவாதம், கனத்த உடம்பு. அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். புரட்ட இரண்டு பேர் வேண்டும். வேலை நேரத்தில் பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்து கைகொடுப்பார். மற்ற நேரமெல்லாம் டர்னரும் மனைவியும்தான்.

ஆமை எப்படி ஆடுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நடுவில் வந்து மோதமாட்டார். ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு, ஓரத்திலிருந்து மெல்ல இறுக்குவார். அதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னால் ஆட்டம் சப்பென்று டிராவில் முடியும். ஆகவே நடுவில் ஒரு சிப்பாயை ஊன்றி, தன் ராஜா பக்கத்துச் சிப்பாய்களை அவிழ்த்துவிட்டு, நேராக வெள்ளை ராஜாவின் வாசலுக்கே போவது என்று டர்னர் தீர்மானித்தார்.

வீட்டில் ஆடிப் பழகும்போது வெள்ளைக் காய் மனைவிக்கு.

“மறுபடியும் வந்ததும் வராததுமா கோட்டை கட்டிட்டியா?”

“ராஜாவை உள்ள வச்சுப் பூட்டினாத்தான் எனக்கு மத்த வேலை ஓடும்.”

“இப்ப அந்தப் பூட்டை உடைக்கிறேன் பாரு.”

“உடைங்க. ஒழுகுற குழாயைச் சரிபண்ண நேரமில்ல, இவரு கோட்டையை உடைக்கிறாராம்.”

குதிரையைப் பலி கொடுத்து, ராணியை ஓரமாக இறக்கி, மூலையில் பூட்டிக் கிடந்த ராஜாவை அவர் தினமும் பிடித்தார். தோற்கும்போதெல்லாம் அவள் முகம் மலர்ந்தது.

ஆட்டம் கேன்டீனில் நடந்தது. எல்லாம் வீட்டில் நடந்தபடியே நடந்தது. கறுப்புச் சிப்பாய்கள் வெள்ளையின் மூலைக்குப் பக்கத்தில் போய் நின்றன. ராணியும் இறங்கிவிட்டது.

“என்னண்ணே, இன்னிக்கு ரொம்ப வேகமா இருக்கீங்க?” என்றார் ஆமை.

“நீ கோட்டை கட்டலையாப்பா?”

“கட்டுவோம்ணே. நமக்கென்ன, ரயிலைப் பிடிக்கணுமா?”

பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்.

ஆமை கோட்டை கட்டவே இல்லை. ராஜா நடுவில் பிறந்த கட்டத்திலேயே உட்கார்ந்திருக்க, மறுபக்கத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் ஊர்ந்து வந்தன. அப்போதுதான் டர்னருக்கு உறைத்தது. அவருடைய படை மொத்தமும் ஆளில்லாத மூலையை முற்றுகையிட்டிருந்தது.

“கைகொடுத்துக்கலாமாண்ணே? டிரா. உங்களுக்கும் கௌரவமா இருக்கும்.”

“ஆடுப்பா.”

டர்னர் நடுவழியைத் தானே சிப்பாய்களால் அடைத்துவிட்டிருந்தார். அதைத் திறக்கக் குதிரையைக் கொடுத்தார். வழி கொஞ்சம் திறந்தது. இரண்டு முறை ராஜாவுக்குச் செக் வைத்தார். ஆமை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு வெள்ளை ராஜா நிதானமாக நடந்து, எதிர்ப்பக்கத்தில் தன் சிப்பாய்களுக்குப் பின்னால் போய்விட்டது. டர்னரிடம் துரத்தக் காய் இல்லை. தன் ராஜாவைச் சாய்த்தார்.

வீட்டில் மனைவி அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

“கோட்டை கட்டினானா?”

“கட்டவே இல்ல.”

“கட்டாம ஆடலாமா?”

“ஆடலாம்.”

“நான் ஒரு நாளாவது கட்டாம இருந்திருக்கணும்.”

“கட்டாம ஆடுன்னு நான்தான் கேட்டிருக்கணும். விடும்மா.”

மாமனாரைப் புரட்டவேண்டிய நேரம். டர்னர் வழக்கமாக நிற்கும் தலைப்பக்கம் போகவில்லை. ஒரு ஆளே எப்படிச் செய்யலாம் என்று சொல்லிக்கொடுத்தார்: முழங்காலை மடக்கிவை, அடியில் கிடக்கிற போர்வையை உன் பக்கம் இழு, இடுப்பை அணைத்துத் தள்ளு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். மாமனார் பாதி புரண்டு, முனகிக்கொண்டே மறுபடி மல்லாந்தார். இரண்டாம் முறையும் அப்படியே. டர்னர் கையை நீட்டினார்.

“கை வைக்காதீங்க” என்றாள் அவள், மூச்சு வாங்க. போர்வையை மறுபடி சுருட்டிப் பிடித்தாள்.