குடுவைச் செடிக்கு வயிற்றுக் கோளாறு

மசூர் மலைநாட்டுக்கு மீன் கொண்டுபோகிறவர். ஒலுவில் துறைமுகத்தில் இருட்டோடு இருட்டாகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கண்டிக்கு லொறியை விட்டால், திரும்பி வரும்போது பெட்டிகள் வெறுமையாக வரவேண்டும். அதுதான் தொழில்முறை. மசூரின் லொறியில் மட்டும் அந்த முறை செல்லாது. போகும்போது பாரை மீனும் அறக்குளா மீனும். வரும்போது அந்தூரியம், மான்கொம்பு போல இலை விரிக்கிற பன்னம், கன்னங்கரேலென்று மீசை வைத்துப் பூக்கிற வௌவால் பூச்செடி. வீதியோர நர்சரிக்காரர்கள் அவருடைய ஹோர்ன் சத்தம் கேட்டதுமே புதிதாக வந்த செடியைத் தூக்கி முன்னால் வைத்துவிடுவார்கள். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். மசூரின் ஆசை வீதி ஒழுங்கும் அறியாது. வளைவு என்றும் பாராமல் லொறியை ஓரங்கட்டிவிடுவார்.

கொண்டுவருவது பெரிதில்லை, வீடு இருந்த கடலோர மருதமுனையில் அதை உயிரோடு வைத்திருப்பதுதான் பெரிது. வீட்டின் பின்பக்கம் கடலைப் பார்த்தது. அந்தப் பக்கம் எதை வைத்தாலும் உப்புக்காற்று ஒரு கிழமையில் அப்பளம் போலப் பொரித்துவிடும். வீதியைப் பார்த்த முன்விறாந்தையில்தான் காற்று அடங்கி, நிழலும் வெளிச்சமும் அளவோடு இருந்தன. உடைந்த வெள்ளை நுரை ரெஜிபோம் மீன்பெட்டிகளில் தென்னந்தும்பும் கரித்துண்டும் போட்டு, மசூர் தன் செடிகளை எல்லாம் அங்கேயே அடுக்கி வைத்திருந்தார்.

ஆனால் அந்த விறாந்தை அவருடையதல்ல. இந்தக் கரையில் ஆண் பிள்ளை வீடு கட்டிப் பெண்ணைக் கூட்டி வருவதில்லை. பெண்ணுக்கு வீடு கட்டி வைப்பார்கள், ஆண் பிள்ளை ஒரு பையோடு வந்து சேருவான். மசூரும் அப்படித்தான் மர்ஷூதாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் “இதில அடிக்கலாமா?” என்று கேட்டுத்தான் அடிப்பார். அவருடைய செடிகள் அத்தனையும் பெட்டியிலும் சாடியிலும் வளர்ந்தனவே தவிர ஒன்றுகூட நிலத்தில் இறங்கவில்லை. ஏன் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது.

இப்போது மகள் பஸ்லியாவுக்குக் கலியாணம் முடிந்து, வீடு அவள் பேருக்குப் போய்விட்டது. மசூரும் மர்ஷூதாவும் பின்னால் இரண்டு அறை இறக்கிக் குடிபோனார்கள். புது மருமகன் சப்ரி சாய்ந்தமருதுப் பிள்ளை. கல்முனையில் கைபேசி திருத்துகிற கடை வைத்திருக்கிறான். அவனுடைய மோட்டார் சைக்கிளுக்கு விறாந்தையில் இடம் வேண்டும், பார்க்க வருகிறவர்களுக்குக் கதிரை போட இடம் வேண்டும் என்று மர்ஷூதா செடிகளைக் காலி செய்யச் சொன்னாள். மசூர் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மூலையைக் காப்பாற்றிக்கொண்டார்.

“ஒரு மூலைதான். ஒரு நுளம்பு கடிச்சாலும், ஒரு நாத்தம் வந்தாலும் எல்லாம் கோழிக்கூட்டுப் பக்கம் போகும். சொல்லிட்டன்” என்றாள்.

“சரி பிள்ள” என்றார் மசூர். மனைவியைப் பிள்ள என்றே கூப்பிடுகிறவர் அந்த வீட்டில் அதிகமாகச் சொன்ன சொல் அது.

மிஞ்சிய மூலையில் மசூர் தன் உயிரான செடிகளை மட்டும் வைத்தார். அவற்றுக்குள் ராஜா, குடுவைச் செடி. இலை நுனியில் கொடி இறக்கி, கொடி நுனியில் மூடி போட்ட குடுவை கட்டி, அதற்குள் விழுகிற ஈயையும் எறும்பையும் கரைத்துக் குடிக்கிற செடி. மூன்று முறை கொண்டுவந்து மூன்று முறையும் கடற்காற்றுக்குக் கொடுத்துவிட்டார். இது நாலாவது. மழைத்தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து, கிணற்று உப்புத்தண்ணீர் ஒரு சொட்டுப் படாமல் வளர்த்ததில், கலியாணம் நடந்த மாதத்தில் கைப்பிடி உயரத்துக்கு இரண்டு குடுவைகள் விட்டிருந்தது. மசூர் மகளின் கலியாணத்துக்கும் சந்தோசப்பட்டார், குடுவைக்கும் சந்தோசப்பட்டார். எதற்கு அதிகம் என்று கேட்பது முறையில்லை.

இதற்கிடையில் உள்ளே வேறொரு வளர்ப்பு நடந்துகொண்டிருந்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற கணக்குப் புது மாப்பிள்ளைக்குச் செல்லாது. மர்ஷூதா மருமகனுக்குக் காலையில் இடியப்பமும் ஆட்டுக்கால் ஆணமும் வைத்தாள், பகலில் புரியாணி, அந்திக்கு வட்டிலப்பம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், விடியற்காலைச் சுபஹு தொழுது வந்து விறாந்தையில் உட்கார்கிறவனுக்குப் பெரிய கோப்பை நிறைய முட்டைக் கோப்பி. அதற்கென்று இறக்காமத்திலிருந்து ஊர்க்கோழி முட்டை எடுப்பித்தாள். இரண்டு முட்டையை நுரை பொங்க அடித்து, கொதிக்கிற கோப்பியை ஊற்றி, மேலே சீனி தூவிக் கொடுப்பாள். சப்ரி “ஓம் மாமி” என்று வாங்குவான். வெறுங்கோப்பையைத் திருப்பிக் கொடுப்பான். “ஒரு சொட்டு வைக்க மாட்டார் என்ட மருமகன்” என்று மர்ஷூதா வேலிக்கு மேலால் அக்கம்பக்கத்துக்குச் சொல்லிப் பூரித்துப்போவாள்.

நாத்தம் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. முதலில் பஸ்லியா மூக்கைச் சுளித்தாள். பிறகு மர்ஷூதா எலி செத்துக் கிடக்கிறதென்று கூரை வரை தேடுவித்தாள். மசூர் கண்டியிலிருந்து வந்து இறங்கிய ஒரு புதன்கிழமை, அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மூலைக்கு நேரே நின்றாள்.

“எலி இல்ல, உங்கட செடிதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மருமகன்ட உம்மாவும் சாச்சிமாரும் சாப்பாட்டுக்கு வாறாங்க. அதுக்கிடையில ஒண்டில் நாத்தம் போகணும், இல்லாட்டி செடி போகணும்.”

மசூர் குனிந்து மணந்து பார்த்தார். பொய் சொல்லக் கூடாது, மூக்கைப் பொத்திக்கொண்டார். ஒரு குடுவை கறுத்துத் தொங்கியது. மற்றதன் வாயோரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து பிடித்திருந்தது, எறும்புகள் வரிசை கட்டி ஏறி இறங்கின. பக்கத்து அந்தூரியப் பெட்டியிலும் அதே கதை. நாலு வருடத்துப் பாடு கண்ணுக்கு முன்னால் அழுகிக்கொண்டிருந்தது. அவருக்கு அழுகை வந்தது. ஒரு செடிக்கு அழுகிற வயதா இது என்று தன்னையே ஏசிக்கொண்டு பூனையைச் சந்தேகப்பட்டார், காகத்தைச் சந்தேகப்பட்டார், பக்கத்து வீட்டுக் குழந்தையைக்கூடச் சந்தேகப்பட்டார்.

அடுத்த நாள் கடல் கொந்தளித்துப் படகுகள் போகவில்லை. ஒலுவிலில் மீன் இல்லை என்றதும் மசூர் லொறியைத் திருப்பிக்கொண்டு விடிந்து கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு வந்தார். ஒழுங்கைப் பக்கத்துச் சின்னக் கேற்றால் நுழைந்தவர், விறாந்தையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

சப்ரி மூலையில் குந்தியிருந்தான். ஒரு கையால் குடுவையின் மூடியைப் பக்குவமாகத் தூக்கிப் பிடித்து, மறு கையால் முட்டைக் கோப்பியை ஊற்றிக்கொண்டிருந்தான். குடுவை நிறைந்ததும் மீதியை அந்தூரியத்தின் தலையில் கவிழ்த்தான். பிறகு விரலால் குடுவையின் வாயைத் துடைத்தும் விட்டான். நல்ல பிள்ளை.

நிமிர்ந்தவன் மாமனாரைக் கண்டான். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாயைத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் நின்றான். உள்ளே மர்ஷூதாவின் இடியப்ப உரல் சத்தம் கேட்டது.

மசூருக்கு முதலில் வந்தது கோபம்தான். கையில் மீன்கத்தி இல்லாதது நல்லதாகப் போயிற்று. ஆனால் அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கக் கோபம் நிற்கவில்லை. அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து, வேண்டாம் என்று தட்டைத் தள்ளத் தெரியாதவனின் முகம் அது. மசூருக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். இத்தனை வருடமாக அதைத்தான் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்கிறார்.

“அதுக்குக் கோப்பி ஒத்துக்காது மகன். மழைத்தண்ணி மட்டுந்தான்” என்றார் மெதுவாக.

“பூச்சி தின்ற செடிதானே மாமா, முட்டையும் தின்னும் எண்டு நினைச்சன்” என்றான் சப்ரி. அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மசூர் தலையை ஆட்டிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். போனவர் இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தார். உண்மையைச் சொன்னால் செடிக்கு மூலை மிஞ்சும். ஆனால் மாமி ஊற்றிய கோப்பியை மாப்பிள்ளை செடிக்கு ஊற்றினானாம் என்ற கதை, சோறு வடிப்பதற்குள் பாண்டிருப்பைத் தாண்டிச் சாய்ந்தமருதுக்குப் போய்விடும். மர்ஷூதா வேலிப் பக்கம் தலைகாட்ட மாட்டாள். வந்து நாற்பது நாள் ஆகாத பிள்ளை இந்த வீட்டில் பிறகு எப்படித் தலை நிமிர்வான்? இதையெல்லாம் யோசித்துவிட்டு மசூர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டு மனைவியிடம் போனார்.

“கழுவிட்டன். இனி மணக்காது.”

“என்னத்தால மணந்த?”

“அது... பூச்சி தின்ற செடிதானே. கொஞ்சம் கூடத் தின்னிருக்கும்.”

“அப்ப நாளைக்கும் தின்னும். மறுகாலும் மணக்கும்” என்றாள் மர்ஷூதா. அவளை நியாயத்தில் வென்றவர் அந்த ஊரில் இல்லை.

“சரி பிள்ள” என்றார் மசூர்.

அன்று அந்திக்கே பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கோழிக்கூட்டுப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். கடற்காற்று நேரே முகத்தில் அடித்தது. குடுவைச் செடிக்குப் பழைய சாறனை மறைப்பாகக் கட்டினார். கட்டும்போதே அது பிரயோசனமில்லை என்று அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மர்ஷூதா காலி மூலையைக் கூட்டிக் கழுவி, கதிரைகளை வரிசையாகப் போட்டு, சந்தோசமாக மருமகனுக்குக் கோப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். வழக்கம்போல உள்ளே போகாமல், மூலை எவ்வளவு விசாலமாகத் தெரிகிறதென்று பார்த்துக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். மசூர் அன்று லொறி ஓடவில்லை. விறாந்தைப் படியில் உட்கார்ந்திருந்தார்.

சப்ரி கோப்பையோடு மூலையைப் பார்த்தான். வெறும் சீமெந்து. இடப்பக்கம் மாமி, வலப்பக்கம் மாமா. கோப்பையை வாய்வரை கொண்டுபோனான், இறக்கினான். இன்னொரு முறை கொண்டுபோனான், இறக்கினான். நுரை அடங்கிக்கொண்டே வந்தது. மசூருக்கு அந்தக் கோப்பையைப் பறித்துத் தானே குடித்துவிடலாம் போலிருந்தது.

“என்ன மகன், சீனி காணாதா?” என்றாள் மர்ஷூதா.

“மாமா, செடியெல்லாம் எங்க?” என்று சப்ரி அவளுக்குப் பதில் சொல்லாமல் மசூரைக் கேட்டான்.

“பின்னுக்கு இரிக்கி.”

“பின்னுக்கு வச்சா செத்துப்போகும் எண்டு பஸ்லியா சொன்னா.”

சப்ரி கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்தான்.

“மாமி, எனக்கு முட்டைக் கோப்பி ஒத்துவராது. மணத்தாலயே வயித்தப் புரட்டும். வந்த நாளையில இருந்து ஒவ்வொரு நாளும் அந்தச் செடிக்குத்தான் ஊத்தின. நாத்தம் என்னால வந்தது. மாமா கண்டவர். கண்டும் சொல்லல்ல.”

மர்ஷூதா வரிசையாகப் போட்ட கதிரைகளில் ஒன்றில் உட்கார்ந்தாள்.

“அல்லாஹ்வே, அவ்வளவு முட்டையும் செடிக்கா போன?” என்றாள். பிறகு, “மொதல் நாளே வேணா எண்டு சொன்னா என்ன மகன்?” என்றாள்.

“உங்கட மனசு நோகும் எண்டு நினைச்சன்.”

“நோகும்தான். நொந்தா ஒரு நாளைக்கு நோகும். அடுத்த நாள் பிளேன்டீ ஊத்துவன். அதுக்காக என்ன, ஆயுசுக்கும் என்னை ஏமாத்திட்டா இரிக்கிற?”

அவள் குரல் உடைந்து சமாளித்தது. சப்ரி தலையைக் குனிந்துகொண்டு, “மன்னிச்சிக்கோங்க மாமி” என்றான். அவள் அவனை விட்டுவிட்டு மெல்ல மசூரின் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வை மசூருக்குப் புதிது.

“நீங்க? தெரிஞ்சிக்கிட்டேயா தூக்கிட்டுப் போய் வச்சீங்க?”

“ஓம்.”

“உங்கட உசிராக வளர்த்ததெல்லாம்.”

“பிள்ளைக்கு வெட்கமாப் போகும் எண்டுதான்...”

“அத நான் கேக்கல்ல. இந்த வீட்டுக்கு வந்த நாளையில இருந்து நீங்களும் இந்தப் பிள்ள போலதானா? எனக்குச் சொல்லாம எத்தனையத் தூக்கிப் பின்னுக்கு வச்சிரிக்கீங்க?”

மசூர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “சரி பிள்ள” என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதை மென்று விழுங்கினார்.

“எனக்கு அந்த மூலை வேணும் மர்ஷூதா” என்றார்.

கெஞ்சாமல், வேணும் என்று ஒரு பொருளைச் சுட்டி அந்த வீட்டில் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டுவிட்டு, கேட்ட வாயையே நம்பாதவர் போலப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீடு என்ட பேர்ல இருந்த காலத்துல கேட்டிருந்தா மூலை என்ன, நட்டு வளர்க்க நிலமே தந்திருப்பனே” என்றாள் மர்ஷூதா. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “எனக்கு எப்படித் தெரியும்? நீங்க வச்ச இடத்துல இருந்துட்டீங்க. அதுல சந்தோசம் எண்டு நான் நினைச்சிட்டன்.”

உள்ளேயிருந்து பஸ்லியா எட்டிப் பார்த்தாள். அவ்வளவு நேரமும் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “இப்ப வீடு என்ட பேர்லதானே. வாப்பா, இந்தச் சுவர் முழுக்க எடுங்க. இவர்ர மோட்டார் சைக்கிள் வாசல் முத்தத்துல நிக்கட்டும்” என்றாள்.

சப்ரி அதற்குள் பின்பக்கம் போய்விட்டான். மசூரும் எழுந்து போனார். குடுவைச் செடியின் பெட்டியை இருவரும் இரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். கறுத்த குடுவை ஆடியது. நடுக்குருத்து மட்டும் பச்சையாக இருந்தது, பிழைத்தாலும் பிழைக்கும். மசூருக்குக் கண் கலங்கி வழி சரியாகத் தெரியவில்லை. மருமகன் முன்னால் பின்புறமாக நடந்துகொண்டு, “படி மாமா, பார்த்து” என்று சொல்லிச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தான்.

“அந்த நாத்தம் புடிச்சத இன்னொருக்காக் கழுவிட்டு வைங்க” என்று மர்ஷூதா உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னாள். “சம்மந்தி வரக்குள்ள எனக்கு மானம் போகும்.”