மூக்கு பட்ட இடம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் போன் பேச ஆரம்பித்தது. போனில் யாராவது பேசினால் பரவாயில்லை. போனே பேசியது. மாவு பிசையும் மேடையில் சும்மா கிடந்தது, "மணி ஆறு இருபது, பேட்டரி நாற்பத்தொரு சதவீதம்" என்று ஒரு பெண் குரலில் அறிவித்தது. தொட்டால், தொட்ட இடத்தின் பெயரைச் சொன்னது. "இருமுறை தட்டவும்" என்றது. தட்டினேன். டார்ச் எரிந்தது.

"மாஸ்டர், கல்யாணம் பண்ணிக்காத குறையை போன் தீர்த்து வெச்சிருச்சு" என்றார் அடுப்புக்காரர். சுடச்சுட பிரெட் தட்டைக் கந்தல் துணியால் இழுக்கிற மனுஷன். அவருக்கு எல்லாமே விளையாட்டுதான்.

இந்த பேக்கரியில் முப்பத்தொரு வருஷமாக மாவு பிசைகிறேன். சொந்தப் பெயர் எல்லாருக்கும் மறந்துபோய் மாவு மாஸ்டர் என்பதே நிலைத்துவிட்டது. காலை ஐந்திலிருந்து மதியம் ஒன்று வரை இரண்டு கையும் மணிக்கட்டு வரை மாவில் இருக்கும். பழைய பட்டன் போன் இதற்குத் தோதாக இருந்தது. விரல் முட்டியால் பச்சைப் பட்டனை ஒரு குத்து, அப்புறம் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டால் போதும். இரண்டு தடவை மாவுக்குள்ளேயே விழுந்திருக்கிறது. தட்டித் துடைத்ததும் பழையபடி பேசியது.

லீவுக்கு வந்திருந்தபோது அதை வாங்கி வைத்துக்கொண்டு இந்தக் கண்ணாடித் துண்டைக் கையில் கொடுத்தவள் என் தங்கை. இரண்டு நாள் ரயிலில் போகவேண்டிய ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே ஒன்றாம் வகுப்பு டீச்சர். அம்மா அப்பா போனபிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். "மூஞ்சியப் பாத்துப் பேசலாம்ணா" என்று ஆசையாகத்தான் கொடுத்தாள்.

அந்தக் கண்ணாடிக்கு மாவு ஒட்டிய விரல் பிடிக்காது. முட்டியால் குத்தினாலும் சட்டை செய்யாது. மூன்று நாள் போராடி ஒரு வழி கண்டுபிடித்தேன். என் உடம்பில் மாவு படாமல் மிச்சமிருந்தது மூக்கு ஒன்றுதான். குனிந்து மூக்கால் தொட்டேன். வேலை செய்தது. ஏதோ பெரிய விஞ்ஞானி மாதிரி எனக்கு ஒரே பெருமை.

தங்கை ஊருக்குத் திரும்பும் நாளில் மறுபடி இதைப் பார்த்துவிட்டாள். கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். நாற்பது பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல், தெருக்கோடி வரை கேட்கும்.

"மூக்கால தொடாதேண்ணா! எத்தனை தடவை சொல்றது? கையக் கழுவி, தொடச்சிட்டு, அப்புறம் தொடு. என் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளுக்கே ஒருதடவை சொன்னா புரியுது."

எல்லாரும் சிரித்தார்கள். அடுப்புக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"உன் கிளாஸ்ல போய்ப் பாடம் எடு. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே."

அவள் பையை எடுத்துக்கொண்டு தனியாகவே ஸ்டேஷனுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் அவளிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. என் பிறந்த நாளுக்கும் வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று திட்டினேன். நீங்களே ஒருதடவை கூப்பிடுங்களேன் என்று அடுப்புக்காரர்கூடச் சொன்னார். மூத்தவன் நான், எதுக்கு இறங்கி வரணும் என்று அவர் வாயை அடைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், பேசுகிற போனைத் தூக்கிக்கொண்டு மூலையிலிருக்கும் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடை நடத்துகிற அம்மா ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு இருந்தாள். போனை வாங்கி நாலு இடத்தில் தொட்டாள். சத்தம் நின்றது.

"இது ரிப்பேரே இல்ல மாஸ்டர். கண்ணு தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டற வசதி. தெரியாம ஆன் பண்ணிட்டீங்க."

"பேசத்தானேம்மா போன்? ஒரு வீட்டுக்கு எதுக்கு நூறு கதவு?"

"என்கிட்ட வர்ற பத்துல ஆறு போன் உடைஞ்சே இருக்காது. எதையோ தொட்டிருப்பாங்க, திரும்பி வர வழி தெரியாது, அவ்வளவுதான்."

கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது. தப்பு என்னுடையது இல்லை, செய்து விற்கிறவனுடையது. இதை அடுப்புக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"இவங்க ஒருத்தரை மட்டும் வேணும்னேதான் பிளாக் பண்ணி வெச்சிருக்கீங்களா?"

"பிளாக்னா?"

"அவங்க கூப்பிட்டா உங்களுக்கு மணி அடிக்காது. வேண்டாதவங்களுக்குப் பண்றது."

திரையைத் திருப்பிக் காட்டினாள். தங்கையின் நம்பர்.

அவளிடமிருந்து கடைசியாக மணி அடித்த அழைப்பின் தேதியையும் நேரத்தையும் அந்த அம்மா படித்தாள். சண்டை நடந்து மூன்றாம் நாள், காலை ஆறு பத்து. ரயிலை விட்டு இறங்கியதும் கூப்பிட்டிருக்கிறாள். அந்தக் காலை எனக்கு ஞாபகம் வந்தது. மணி அடித்தது. குனிந்து மூக்கால் தொட்டேன். அழைப்பு நின்று, ஏதோ பெட்டி மாதிரி வந்தது. மூக்கு படுகிற தூரத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. விளம்பரக்காரன் தொல்லை என்று நினைத்து, போய்த் தொலையட்டும் என இன்னும் இரண்டு தடவை தொட்டேன். பெட்டி போய்விட்டது.

மூக்கால் என் தங்கையைத் துரத்தியிருக்கிறேன்.

"குரல் பதிவு விட்டுட்டுப் போயிருக்காங்க" என்றாள் அந்த அம்மா. "பிளாக் பண்ணினவங்களுது இப்படித் தனியாப் போய்க் கிடக்கும். பதிமூணு இருக்கு." ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு முதலாவதைப் போட்டாள்.

"அண்ணா, வந்து சேந்துட்டேன். கோபமா? ஆளுங்க முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என் தப்புதான். கூப்பிடு."

நான்காவதில் கிண்டல். "டீச்சர் பேசறேன். மூக்கு சௌக்கியமா?" சொல்லிவிட்டு இருமினாள். ஏழாவது என் பிறந்த நாளன்று. தொண்டை கட்டியிருந்தது. வகுப்பில் கத்திக் கத்தி இப்படி ஆகிவிட்டது என்றாள். பத்தாவதில் டாக்டர் ஏதோ கட்டி என்கிறார் என்றாள். பதிமூன்றாவதில் அவள் குரலே இல்லை, ஏதோ உரசுகிற சத்தத்துக்குள்ளிருந்து வார்த்தைகள் வந்தன.

"புதன்கிழமை ஆபரேஷன்ணா. கட்டிய எடுத்தா குரலும் போயிடுமாம். உன் மாப்பிள்ளை அவர் போன்லேர்ந்து கூப்பிடறேன்னார். வேணாம்னுட்டேன். என் நம்பரைப் பாத்து நீயா எடுக்கணும். குரல் இருக்கறப்பவே உன்கிட்ட ஒருதடவை பேசணும். எடுண்ணா."

அதற்குப் பிறகு குரல் இல்லை. எழுத்தில் ஒரு செய்தி மட்டும் இருந்தது, இரண்டு மாதத்துக்கு முந்தையது. "பொழச்சுட்டேன். குரல் போயிடுச்சு. இனிமே கூப்பிட மாட்டேன். உடம்பப் பாத்துக்கோ."

அந்தக் கண்ணாடித் துண்டைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கக் கையை ஓங்கினேன். அந்த அம்மா பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாஸ்டர்! அவங்க குரல் அதுக்குள்ளதான் இருக்கு!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. மெதுவாகப் போனை மேஜையில் வைத்தேன். அதைத் தொடவே பயமாக இருந்தது. மறுபடி எதையாவது தொட்டு, இதுவும் அழிந்துவிட்டால்?

மூச்சு அடங்கியபிறகு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஏம்மா, இந்த ஒன்பது மாசத்துல நான் அவளைக் கூப்பிட்டிருந்தா?"

அவள் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"போயிருக்கும் மாஸ்டர். அடைச்சிருந்தது அவங்க வர்ற பக்கம்தான். உங்க பக்கம் திறந்துதான் இருந்தது."

போன் கம்பெனிக்காரன்மேல் போட்டிருந்த பழியெல்லாம் திரும்பி வந்து என் மடியில் உட்கார்ந்தது. நூறு கதவு என்று பேசினேனே, திறந்து கிடந்த ஒன்றை ஒன்பது மாதமாக நான்தான் தொடவில்லை. மூத்தவனாம். நல்ல மூத்தவன்.

"சோப்பு இருக்காம்மா?"

கடைக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தது. நகக்கண்ணில் காய்ந்த மாவைச் சுரண்டினேன். விரல் விரலாகத் தேய்த்தேன். அந்த அம்மா கொடுத்த துண்டில் துடைத்தேன். திரும்பி வந்தபோது அவள் அடைப்பை எடுத்துவிட்டு தங்கையின் பெயரைத் திரையில் வைத்திருந்தாள். ஒரே ஒரு விரலால் தொட்டேன்.

மணி அடித்தது. எட்டாவது மணியில் எடுத்தாள். யாரும் பேசவில்லை. பேச அங்கே எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். மூச்சு மட்டும் கேட்டது, தொண்டையில் காற்று கரகரக்கிற சத்தத்தோடு.

"நான்தாம்மா, அண்ணன்" என்றேன். மூச்சு ஒரு கணம் நின்று, மறுபடி வந்தது. மூக்கு, மூணாம் நாள், கதவு என்று எத்தனையோ சொல்ல இருந்தது.

"கையக் கழுவிட்டேன்மா" என்றேன். "கழுவித் தொடச்சிட்டுத்தான் தொட்டேன்."

அவள் போனை வைக்கவில்லை.