எலும்பு கூடுவதற்குள்

என் அக்கா அதுவரை ஒரு பொருளைக்கூட விற்றதில்லை. ஆனால் விற்பது எப்படி என்று பதினேழு சான்றிதழ் வாங்கியிருந்தாள். எல்லாவற்றையும் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் வரிசையாக ஒட்டி, பதினெட்டாவதுக்குப் பென்சிலால் கட்டமும் போட்டு வைத்திருந்தாள்.

இதெல்லாம் அப்பா விழுந்ததில் ஆரம்பித்தது. போன வருடம் ஒரு ஸ்டூலில் ஏறிப் பல்பு மாட்டினார். பல்பு எரிந்தது. எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்று பார்க்க, ஸ்டூலின் மேலிருந்தபடியே ஒரு அடி பின்னால் வைத்தார். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. பல்பு இன்றைக்கும் எரிகிறது.

அக்குளில் கொடுத்து நடக்கிற ஊன்றுகோல் இரண்டை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். பத்தே நாளில் அக்குள் இரண்டும் தோலுரிந்து, அப்பா காலை மறந்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா ஒரு பழைய மழைக்கோட்டின் உள்துணியை வெட்டி, ஸ்பாஞ்ச் வைத்து, நழுவாமல் இருக்க ஒரு பட்டையும் சேர்த்து, கோலின் தலைக்கு ஒரு மெத்தை உறை தைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்த அப்பா, "இப்பதான் எனக்கு உடைஞ்சது காலுன்னே ஞாபகம் வருது" என்றார்.

பிசியோதெரபி அறையில் நான்கு பேர் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். பயிற்சி கொடுக்கிறவர், ஆன்லைனில் விற்கலாமே என்றார். அக்கா இன்சூரன்ஸ் ஆபீஸில் சம்பளமில்லாத விடுப்பு எடுத்து, ஒரே மாதத்தில் நாற்பது ஜோடி தைத்தாள். கடைக்கு ஒரு வலைப்பக்கமும் செய்தாள். அதுவரை எல்லாம் சரி. அதற்குப் பிறகுதான், முறையாக விற்கலாம் என்று நினைத்து ஒரு வகுப்பில் சேர்ந்தாள்.

கடை திறக்கும் முன் வாடிக்கையாளரை அறிந்துகொள் என்றது அந்த வகுப்பு. எப்படி அறிவது என்பதற்கு இன்னொரு வகுப்பு இருந்தது. அதில் சேர்ந்து ஒரு கற்பனை வாடிக்கையாளரை உருவாக்கினாள். வயது நாற்பத்து மூன்று, இரண்டு பிள்ளைகள், நீலம் பிடிக்கும், காபிக்குச் சர்க்கரை வேண்டாம், மூத்த பையன் கணக்கில் வீக். எங்கள் சித்தப்பாவைப் பற்றி எங்களுக்கு இதில் பாதிகூடத் தெரியாது. அந்த மனிதருக்குக் கால் உடைந்ததா என்பதை மட்டும் நோட்டில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

இதில் அவளுக்குத் துணையாக ஒரு குழு வேறு. நாற்பத்தாறு பேர், எல்லோரும் ஆன்லைனில் கடை திறக்கப் போகிறவர்கள். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வீடியோவில் கூடுவார்கள். குழுவில் ஒரே ஒரு சட்டம்: திறக்கும் முன் கடையைக் குழுவுக்குக் காட்ட வேண்டும், மற்ற நாற்பத்தைந்து பேரும் பச்சை காட்டினால் திறக்கலாம், ஒருவர் மஞ்சள் காட்டினாலும் போய் இன்னொரு வகுப்பு படித்துவிட்டு வர வேண்டும். இரண்டு வருடத்தில் ஒரு கடையும் திறக்கவில்லை. அதனால் ஒரு கடையும் நஷ்டப்படவில்லை. இதைக் குழுவின் சாதனையாகவே சொல்வார்கள். தலைவர் அறுபத்தொரு வகுப்பு முடித்தவர். நான் அவருக்குச் சான்றிதழ் அண்ணன் என்று பேர் வைத்திருந்தேன். மெழுகுவர்த்தி விற்கப் போகிற ஒரு அக்காவும் உண்டு. சரக்கில் பாதியைக் கரண்ட் போன நாட்களில் அவரே கொளுத்திவிட்டார்.

பதினான்கு மாதம் இப்படிப் போன பிறகு, ஒரு புதன்கிழமை ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. வரும் திங்கள் காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, ஆபீஸுக்குப் போடுகிற உடுப்பை எடுத்து அயர்ன் பண்ண ஆரம்பித்தாள். அக்கா கெஞ்சியதில் ஒரு வாய்ப்பு கிடைத்தது.

"திங்கக்கிழமை ஒம்பது மணிக்குள்ள ஒரே ஒரு ஜோடி வித்துக் காட்டு. நானே அந்த ஆபீசுக்கு வரலைன்னு எழுதிக் குடுக்கறேன். ஆனா வாங்கறது சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. தெரிஞ்சவங்களும் கூடாது."

கடைசி வரியை அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அப்பா எடுத்த பர்ஸை மறுபடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்காவுக்கு அந்த ஆபீஸில் வேலை என்னவென்றால், விபத்துக் கோரிக்கைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. ஒரு நாளைக்கு இருநூறு எலும்பு முறிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஆறு வருடத்தில் ஒரு முறிந்த காலைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை, அப்பாவுடையது வரை. அன்றைக்கு என்னிடம், "அங்க திரும்பப் போனா நான் இந்த மெஷினைத் தொடவே மாட்டேன்டா. என்னைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றாள். கேலி செய்யத் தயாராக வைத்திருந்த இரண்டு வரியை நான் விழுங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவள் நடவடிக்கையில் இறங்கினாள். அதாவது, ஒரு புது வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பின் பெயர், 'படித்தது போதும், செயலில் இறங்குவோம்'. பன்னிரண்டு வாரப் பயிற்சி. திங்களுக்கு நான்கு நாள்தானே இருக்கிறது என்றேன். இரட்டை வேகத்தில் ஓடவிட்டால் ஆறு வாரத்தில் முடிந்துவிடும் என்றாள்.

முதல் வீட்டுப்பாடம், ஏன் தள்ளிப்போடுகிறீர்கள் என்று எழுதுவது. இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். படம் தெளிவில்லை, பின்னணி நிறம் முடிவாகவில்லை, போட்டியாளர் ஆய்வு பாக்கி. கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'வாங்கினவங்க பிரிச்சுப் பாத்துட்டு, இதுக்கா இவ்வளவுன்னு கேட்டா?'

வகுப்பில் தப்பு செய்தால் அது பாடம். கடையில் தப்பு செய்தால் அது தப்புதான். பதினேழு சான்றிதழும் இந்த ஒரு வரிக்குப் போட்ட கட்டு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, குழுவுக்குக் காட்டும் முன் பக்கத்தை ஒரு முறை சரிபார்க்கச் சொல்லி என்னை உட்கார வைத்தாள். எட்டு மாதமாக அதில் 'விரைவில் திறக்கிறோம்' என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு கட்டம்: 'திறந்ததும் தகவல் வேண்டுமா? இங்கே எழுதுங்கள்.'

"இதுல எழுதினா எங்க போகும்?" என்று கேட்டேன்.

அது ஆறாவது வகுப்பின் பயிற்சியாம். கடைக்கென்று ஒரு தனி மின்னஞ்சல் முகவரி தொடங்கி இந்தக் கட்டத்தோடு இணைக்கச் சொன்னார்களாம். இணைத்தாள். நூற்றுக்கு நூறு வாங்கினாள். சரி, அந்த முகவரியைத் திறந்து பார்த்தாயா என்றேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"திறந்து பாக்கச் சொல்லி வீட்டுப்பாடத்துல இல்லையே."

ஒன்பதாம் நம்பர் நோட்டில் பாஸ்வேர்டைத் தேடிக் கண்டுபிடித்தோம். முப்பத்தொரு கடிதம் இருந்தது. பிசியோதெரபிக்காரர் எங்கள் பக்கத்தின் முகவரியைத் தன் அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். அங்கே வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பழையதிலிருந்து படித்தோம். ஒரு டீச்சர் எழுதியிருந்தார்: மகளுக்குக் கால் கட்டு, அக்குள் புண்ணாகிவிட்டது, எப்போது திறப்பீர்கள். இரண்டு வாரம் கழித்து அவரே: இன்னும் திறக்கவில்லையா. அடுத்த மாதம் அவரே: மகள் நடக்கிறாள், இனி வேண்டாம், நன்றி. ஒரு சமையல்காரர், துண்டைச் சுற்றிக்கொண்டு சமாளித்ததாகவும் இப்போது சைக்கிளே ஓட்டுவதாகவும் எழுதியிருந்தார். இன்னொருவர், எலும்பு கூடிவிட்டது, மறுபடி உடைந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்று மரியாதையாக முடித்திருந்தார்.

முதல் நாலைந்தைப் படிக்கும்போது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். பிறகு அவள் மட்டும் நிறுத்திவிட்டு, ஒரு தாளில் கோடு கிழித்துக் கணக்குப் போட்டாள். எழுதியவர்கள் பத்தொன்பது பேர். பதினேழு பேருக்குக் குணமாகிவிட்டது.

"எல்லாரும் நடந்து போயிட்டாங்கடா" என்றாள்.

மிச்சம் இரண்டு பேர். ஒருவர் பூக்கடைக்காரப் பெண். இன்னொருவர் பஸ் டிரைவர். வீட்டு மாடிப்படியில் சறுக்கி விழுந்து, ஆறு வாரம் கட்டு, அதில் இரண்டு வாரம் போய்விட்டது, அக்குள் எரிகிறது, தயவுசெய்து சீக்கிரம் திறந்துவிடுங்கள் என்று மூன்று நாள் முன்பு எழுதியிருந்தார்.

பதினொரு மணிக்குக் குழு கூடியது. அக்கா கடையைக் காட்டினாள். சின்னச் சின்னக் கட்டங்களில் நாற்பத்தைந்து முகம் யோசித்தது. ஒருவர் எழுத்துருவுக்கு மஞ்சள் காட்டினார். மெழுகுவர்த்தி அக்கா, உறையின் சாம்பல் நிறம் சோகமாக இருப்பதாகச் சொல்லி மஞ்சள் காட்டினார். அக்கா அந்த இரண்டு பேர் காத்திருப்பதைச் சொன்னாள். இரண்டு பேரை வைத்துச் சந்தையை முடிவு செய்யக் கூடாது என்று சான்றிதழ் அண்ணன் பொறுமையாக விளக்கினார். புது வகுப்பு ஒன்று வருகிறதாம், நாலே வாரம்தானாம்.

"நாலு வாரம் பொறுத்துக்கோங்கம்மா. அவசரப்பட்டா அசிங்கமாயிடும்."

அசிங்கம் என்ற சொல் அவள்மேல் எங்கே பட்டது என்று எனக்குத் தெரியும். மௌஸ் மேல் இருந்த விரல் அப்படியே நின்றுவிட்டது. அவ்வளவுதான், நாளைக்கு ஒன்பது மணிக்கு ஆபீஸ் என்று நினைத்தேன்.

"நாலு வாரத்துல அவருக்குக் கால் கூடிடும்ணா" என்றாள் அக்கா.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'கடையைத் திற' என்ற பொத்தானை அழுத்தினாள். 'விரைவில்' போய்விட்டது. சாம்பல் நிற உறையின் படமும் 'வாங்கு' என்ற சொல்லும் வந்தன. இந்தச் சூழ்நிலைக்குக் குழுவினர் எந்த வகுப்பிலும் தயாராகியிருக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து மெழுகுவர்த்தி அக்கா, "அந்தப் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். அக்கா காட்டிக் கொடுத்தாள்.

பிறகு இருவருக்கும் கடிதம் எழுதினாள். தாமதத்துக்கு மன்னிக்கவும், கடை திறந்துவிட்டது, உறுத்தினால் திருப்பி அனுப்புங்கள், நான் மாற்றித் தைத்துத் தருகிறேன். மூன்று வரிதான். பயந்து பயந்து நோட்டில் எழுதியிருந்த வரிக்கான பதிலையும் அதிலேயே எழுதிவிட்டாள் என்பதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

மூன்றரை மணிக்கு டிரைவர் ஒரு ஜோடி வாங்கினார்.

அப்பா கை தட்டினார். அம்மா தட்டவில்லை. அந்த ஆர்டரில் இருந்த போன் நம்பரை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, நீங்க எங்களுக்கு எந்த வழியிலயாவது சொந்தமா?"

உறை வாங்கினால் இதெல்லாம் கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். சொந்தமில்லை என்றார். அப்பாவுக்குத் தெரிந்தவரா என்றாள். இல்லை என்றார். என்ன வேலை என்றாள். பஸ் டிரைவர் என்றார். எந்த ரூட் என்றாள்.

ரூட் நம்பரைச் சொன்னார். அம்மா மார்க்கெட்டுக்குப் போகிற பஸ். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்தவர் கூடாது என்பது சட்டம்.

"மத்தியானம் பன்னெண்டரை வண்டியா?"

"ஆமாம்மா."

"தண்ணித் தொட்டி ஸ்டாப்புல ஒரு அம்மா ரெண்டு பையோட கை காட்டும். பாத்திருக்கீங்களா?"

டிரைவர் நேர்மையானவர். "பாத்திருக்கேன்ம்மா" என்றார். "அந்த ஸ்டாப்புல பின்னாடி வண்டி நெருக்கும். நிறுத்த முடியறதில்ல."

அம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தீர்ப்பு சொன்னாள்.

"ஆறு வருஷமா மூஞ்சியப் பாத்தும் நிக்காமப் போன ஆளு. இவரு நமக்கு யாருமே இல்ல. விக்கலாம்."

பிறகு போனில், காலை ஊன்றாமல் ஜாக்கிரதையாக இருக்கும்படியும், திரும்ப வண்டியில் ஏறியதும் அந்த ஸ்டாப்பை யோசித்துப் பார்க்கும்படியும் சொல்லி வைத்துவிட்டாள். ஆபீஸுக்குக் கடிதத்தை அம்மாவே எழுதினாள். அக்கா எழுதியிருந்தால் மன்னிப்பு கேட்டிருப்பாள். அம்மா கேட்கவில்லை.

பூக்கடைக்காரப் பெண் சாயங்காலம் வாங்கினார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நானும் அக்காவும் கூரியர் கடை வரிசையில் நின்றோம். அந்த நேரத்துக்கு அவளுடைய பழைய நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து, அன்றைய முதல் எலும்புக்கு எண் போட்டுக்கொண்டிருப்பார்கள். அக்கா இரண்டு பார்சலையும் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள். முன்னால் நின்றவர் யதேச்சையாகத் திரும்பியபோது, கேட்காமலேயே அவரிடம், "ஆர்டர்" என்றாள்.

கவுன்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமல் உள்ளே என்ன என்று கேட்டார். பொருளை முப்பது நொடியில் விவரிப்பது எப்படி என்று அக்கா ஒரு வகுப்பே முடித்திருக்கிறாள்.

"ஊன்றுகோலுக்கு உறை. நான் தைச்சது."

அவர் எடை போட்டு, சீட்டு ஒட்டி, இரண்டையும் பின்னால் இருந்த கூடையில் எறிந்தார். அவ்வளவுதானா என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றாள் அக்கா. "முப்பத்தெட்டு ஜோடி இருக்கு. இனிமே தினம் வருவேன்."