சபையார் கையெழுத்து

பாஸ்டர் ஹேமநாதன் நல்லவர். அதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். சிங்கப்பூர் எல்லைக்கு இப்பால், சாஆ என்ற சிற்றூரில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் அந்தச் சின்னச் சபையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு முதலில் போய் நிற்பவர் அவர்தான். ஆனால் நல்லவராக இருப்பதும் துணிந்தவராக இருப்பதும் ஒன்றல்ல. அந்த ஞாயிறு வரை அது அவருக்கே தெரியாது.

அன்று ஆராதனை முடிந்ததும் பிரேமலா ஒரு தாள்கட்டோடு அவரிடம் வந்தாள். அவள் தம்பி ரூபேந்திரன் சிங்கப்பூர்ச் சிறையில் ஏழு வருடமாகத் தூக்குத் தண்டனைக் கைதி. மோட்டார் சைக்கிளில் போதைப்பொருள் கொண்டுபோய் எல்லைச் சோதனையில் பிடிபட்டவன். செய்தது தப்புதான், அவனே ஒப்புக்கொண்டான். தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்தவள் இந்த அக்கா, ஞானஸ்நானம் கொடுத்தவர் ஹேமநாதன்.

"சிங்கப்பூர் அதிபருக்குக் கருணை மனு அனுப்பப் போறாங்க பாஸ்டர். கூடவே நம்ம சபையாருங்க கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் குடுத்தா நல்லதுன்னு லாயர் சொன்னாரு. வெளிய விடச் சொல்லல. உயிர மட்டும்தான் கேக்குறோம். நீங்க முதல்ல போட்டா எல்லாரும் போடுவாங்க."

அது உண்மை. ஹேமநாதன் பேனாவைக்கூட வாங்கிவிட்டார்.

அப்போது பார்த்துத்தானா சபை மூப்பர் சின்னத்தம்பி, ஆராதனைக்குப் பின் பரிமாறிய மீஹூன் சேமியாத் தட்டோடு குறுக்கே வரவேண்டும்! "பாஸ்டர், கொஞ்சம் யோசிங்க லா. அரசாங்கத்த ஏற்படுத்துனது ஆண்டவர்னு நீங்கதானே பிரசங்கம் பண்றீங்க? அந்தச் சாமான் எத்தன பிள்ளைங்கள அழிச்சிருக்கும்? அதோட, நம்ம பிள்ளைங்க பாதிப் பேரு சிங்கப்பூர்லதான் வேலை. பேரு, அடையாள அட்டை ஐசி நம்பர் எல்லாம் அங்க போயி, நாளைக்கு வேலை பெர்மிட் கிடைக்காமப் போச்சுன்னா?"

இப்படிக் கையெழுத்துப் போட்டு வேலை போனவர் எவரையும் சின்னத்தம்பிக்குத் தெரியாது, ஹேமநாதனுக்கும் தெரியாது. பயத்துக்கு அத்தாட்சி எதற்கு? சுற்றி இருந்தவர்களெல்லாம் தங்கள் தங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹேமநாதன் பேனாவை மூடினார். "சிஸ்டர், சபையா நாம அரசியல்ல தலையிட வேணாம். மூணு நாள் உபவாச ஜெபம் வைப்போம். மனுஷன் கையெழுத்த விட ஜெபம் பெருசு."

"ஜெபமும் பண்ணலாம், கையெழுத்தும் போடலாமே பாஸ்டர்," என்றாள் பிரேமலா. அவர் பேனாவைத் திருப்பி நீட்டினார். அவள் தாள்களை அடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

உபவாச ஜெபம் நடந்தது, குறை சொல்ல முடியாது. மூன்று நாளும் நல்ல கூட்டம். சின்னத்தம்பி கண்ணீர் விட்டே ஜெபித்தார். கருணை மனு தள்ளுபடியானது. சபை எழுதியிருந்தாலும் தள்ளுபடிதான் ஆகியிருக்கும் என்று ஹேமநாதன் நூறு தடவை தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இருக்கலாம், யார் கண்டது? ஆனால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் தூக்கு என்று கடிதம் வந்தது. தம்பி கேட்டுக்கொண்டதால் புதன்கிழமை பிரேமலா அவரையும் சிறைக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரூபேந்திரன் டெலிபோனை எடுத்தான். மிகவும் இளைத்திருந்தான். இந்தப் பக்கம் ஒரே டெலிபோன். ஹேமநாதன் பிடித்துக்கொள்ள, பிரேமலாவும் காதை ஒட்டிவைத்துக் கேட்டாள்.

"மனு போனது போகட்டும் பாஸ்டர். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சபையில கையெழுத்து வாங்கப் போறேன்னு அக்கா எழுதியிருந்தாங்க, அப்புறம் ஒண்ணும் சொல்லல. நம்மாளுங்க போட்டாங்களா? நான் உயிரோட இருக்கணும்னு அங்க யாராச்சும் நெனச்சாங்களா?"

இருபத்தைந்து வருட ஊழியத்தில் ஒரு பொய் சொன்னதில்லை என்று பெருமையடித்துக்கொள்பவர் ஹேமநாதன்.

"போட்டாங்கடா. எல்லாருமே போட்டாங்க," என்றார்.

"பேரு சொல்லுங்க பாஸ்டர்." அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஹேமநாதன் சபையின் முன்வரிசையிலிருந்து தொடங்கினார். "சின்னத்தம்பி மூப்பர். அவர் சம்சாரம் கஸ்தூரி. அவங்க மக லோஷினி..." ஒவ்வொரு பெயருக்கும் அவன் தலையாட்டினான். மூன்றாம் வரிசைக்கு வந்தபோது ஒரு பெயரைப் பாதியில் விட்டார். பிரேமலா அவர் கையிலிருந்து டெலிபோனைப் பிடுங்கினாள். உண்மையைப் போட்டு உடைக்கப்போகிறாள் என்று பயந்தார். ஆண்டவரே, உடைத்துவிடட்டும் என்றும் வேண்டிக்கொண்டார்.

"மலர் ஆன்ட்டி போட்டாங்க தம்பி," என்றாள் அவள், குரல் பிசகாமல். "தனலெட்சுமி அக்கா, அவங்க மூணு பிள்ளைங்க. எப்பவும் லேட்டா வந்து பின்னால உக்காருவாங்களே, அவங்ககூடப் போட்டாங்க."

ரூபேந்திரன் கண்ணைத் திறந்து ஹேமநாதனைப் பார்த்தான். பிரேமலா அவர் முகத்தைப் பார்க்காமலே டெலிபோனை நீட்டினாள்.

"நான்தான்டா முதல்ல போட்டேன்," என்றார் ஹேமநாதன்.

"அது தெரியும் பாஸ்டர்," என்று சிரித்தான் அவன். "அத நான் கேக்கவே வேண்டியதில்ல."