பஃப் கைக்குள் இருந்தது

நான் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. எனக்குக் கல்யாணமான காலத்தில் எங்கு பார்த்தாலும் தோளில் உப்பி நிற்கும் பஃப் கை பிளவுஸ்தான். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. 'பஃப் அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. மற்றவர்கள் உள்ளே விறைப்பான கேன்வாஸ் துணி வைத்து நிமிர்த்துவார்கள், நான் தைத்தால் வெறும் சுருக்கிலேயே நிற்கும் என்று முப்பது வருஷமாகப் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

பச்சைப் பொய். உள்ளே இருந்தது கசக்கிய செய்தித்தாள். என் கல்யாண பிளவுஸிலும் அதேதான்.

பிறகு பஃப் போனது, ஒட்டிய கை வந்தது, கையே இல்லாததும் வந்தது. என் மகள் எங்கள் கல்யாண ஆல்பத்தைத் திறந்தாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "தோள்ல ரெண்டு பலூனக் கட்டிக்கிட்டாம்மா கல்யாணத்துக்குப் போன?"

அவளே போன மாதம் அதே ஆல்பத்தோடு வந்து நின்றாள்.

"இப்ப இதாம்மா ஃபேஷன். என் ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு அப்படியே இதே கை வேணும். உள்ள எதுவும் வைக்காம, உன் கைவேலைல. அவங்க வீட்ல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டேன்."

சிரித்த வாயையே கேட்க வைத்த காலத்துக்கு ஒரு கும்பிடு! ஆனால் இந்தக் காலத்து மெல்லிசுப் பட்டு சுருக்கில் எங்கே நிற்கிறது? மூன்று முறை பிரித்துத் தைத்தேன். மூன்று முறையும் நனைந்த கோழியாகத் தொங்கியது. கேன்வாஸ் உறுத்தும், போட்டதுமே கண்டுபிடித்துவிடுவாள். பழையபடி செய்தித்தாளைக் கசக்கி லைனிங்குக்குள் வைத்துத் தைத்தேன். அன்றைய முரட்டுத் துணி சத்தத்தை விழுங்கியது, இது விழுங்காது என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. கல்யாணத்தன்று கிளம்பும் பரபரப்பில் யார் காதிலும் எதுவும் விழவில்லை.

பதிவாளர் அறையிலோ ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. மகள் கையெழுத்துப் போடக் குனிந்தாள். கரகர. பதிவாளர் தன் மேசைக் காகிதங்களைத் தூக்கிப் பார்த்தார். மாப்பிள்ளை தன் சட்டைப் பையைத் தடவினார். மகள் மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உள்ள என்ன?"

சம்பந்திகள் முன்னால் என் முப்பது வருஷ மானம் கப்பலேறக் காத்திருந்தது. இதற்குமேல் மழுப்பினால் தலைகுனிவு அவளுக்கு.

"பேப்பர்டி. நேத்து பேப்பர். நான் எப்பவுமே அதான் வப்பேன்."

மகள் சிரித்தாள் பாருங்கள்! சிரிக்கச் சிரிக்கக் கை கரகரத்தது. அதைக் கேட்டுச் சம்பந்தியம்மா சிரித்தார், பதிவாளரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது எனக்கு.

சிரிக்காதவர் என் வீட்டுக்காரர் மட்டும்தான். "எனக்குத் தெரியும்," என்றார்.

"எப்பலேருந்து?"

"நம்ம கல்யாணத்தன்னிக்கே. போட்டோவுக்குத் தோள்ல கை வச்சேன், கைக்கடியில கரகரன்னுச்சு. அமுங்கிப்போனா நீ அழுவியேன்னு கைய எடுத்துட்டேன். அப்புறம் வைக்கவே இல்ல."

அந்த ஆல்பம் முழுக்க இவர் ஒரு முழம் தள்ளித்தான் நிற்கிறார். மனுஷனுக்கு என்மேல் ஆசையே இல்லையோ என்று எத்தனை நாள் மருகியிருக்கிறேன்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெளியே போட்டோக்காரர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். மாப்பிள்ளை தயங்கித் தயங்கி மகளின் தோள் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"அமுங்கினா அமுங்கட்டும், வைங்க மாப்பிள்ளை," என்றேன். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "நீங்களுந்தான்."