குதிரைகளின் மதியத் தூக்கம்

லாரல் கிரெஸ்ட் ஊர்க்காரர்களுக்கு ஏழைகள் மேல் கொள்ளைப் பிரியம். வாசலுக்கு வாசல் பலகை நட்டு வைத்திருப்பார்கள், "இங்கே எல்லோருக்கும் இடமுண்டு" என்று. பலகைக்குப் பின்னால் இரும்புக் கேட், கேட்டுக்குப் பின்னால் கேமரா, அதற்கும் பின்னால் குதிரை லாயம். ஊரின் திட்ட அதிகாரி நடீன் துவார்த்தே ஒன்பது வருடமாகக் காலையில் அந்தப் பலகைகளைத் தாண்டித்தான் அலுவலகம் போகிறாள். இரண்டு மணி நேரம் கார் ஓட்டி, கணவாயைக் கடந்து, பாதாம் தோப்புப் பக்கமிருந்து வருகிறவள் அவள். எல்லோருக்கும் இடமுள்ள ஊரில் அவளுக்கு வாடகைக்கு ஒரு கார் ஷெட் கூடக் கிடைக்கவில்லை.

அந்த ஊருக்கு எட்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு கண்டம் வரும். கலிஃபோர்னியா அரசு கணக்குப் பார்த்து, இந்தப் பிராந்தியத்துக்கு இத்தனை லட்சம் வீடு வேண்டும் என்று சொல்லிவிடும். பிராந்திய மன்றம் அதை நகரங்களுக்கும், கவுண்ட்டி என்கிற மாவட்டங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும். எங்கே வேலை அதிகம், எங்கே ரயில் நிற்கிறது, எங்கே பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது என்று பார்த்துப் பங்கு போட ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். பந்தியில் பரிமாறுகிற மாதிரிதான். ஆனால் இந்தப் பந்தியில் அவரவர் இலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, பக்கத்து இலையைக் காட்டி "அவருக்குப் போடுங்க, நல்லாச் சாப்பிடுவார்" என்பார்கள்.

இந்த முறை லாரல் கிரெஸ்ட் இலையில் நானூறு வீடு விழுந்தது. மேயர் லோர்னா விட்காம்ப் கடிதத்தைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். லோர்னா கெட்டவள் இல்லை. அனாதை நாய்களுக்கு ஆஸ்பத்திரி கட்டியவள், ஊழியர்களின் பிறந்தநாளை மறக்காமல் கேக் வாங்கி வருகிறவள். வீடு என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் அவளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். மேல்முறையீடு செய்வது என்று அன்றைக்கே முடிவாயிற்று. எழுத வேண்டியது நடீன். அந்த ஊரில் அவளைப் போல மனு எழுத ஆள் கிடையாது.

அங்கேதான் நடீனுக்குச் சிக்கல்.

செயின்ட் ஹில்டா தேவாலயத்துக்குப் பின்னால் பெரிய கார் நிறுத்துமிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஜனம் குறைந்துபோய் அங்கே இப்போது வாத்துகள்தான் உலாவுகின்றன. பாதிரியார் கால்வின் ஒட்டேரோ அந்த இடத்தில் நாற்பது குடியிருப்பு கட்ட வேண்டும் என்று ஆறு வருடமாக நடையாய் நடக்கிறார். டீச்சர்கள், நர்ஸ்கள், ஊராட்சி ஊழியர்கள் குடியிருப்பதற்கு. நானூறு வீட்டுக்கு இடம் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி வந்ததால்தான் ஊர் சபை மூக்கைப் பிடித்துக்கொண்டு அதற்குச் சம்மதித்தது. இலக்கு குறைந்தால் முதலில் அடிபடப் போவது அந்த நாற்பதுதான். லோர்னாவே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அந்த நாற்பதில் தரைத்தளத்து மூலை வீடு நடீன் குடும்பத்துக்கு என்று பாதிரியார் வாக்குக் கொடுத்திருந்தார்.

நடீனின் மகள் ஐவிக்கு வயது ஐந்து. அம்மா கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பாள், திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொன்னதற்கு, அப்பாவைச் சமையலறையிலும் அம்மாவைக் காருக்குள்ளும் வரைந்து வைத்தது அந்தக் குழந்தை. நடீன் அந்தப் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுதாள்.

யோக்கியமானவள் என்பதால் ஊராட்சி வக்கீலிடம் விஷயத்தைச் சொல்லி, இந்த மனுவை வேறு யாராவது எழுதட்டும் என்று கேட்டுப் பார்த்தாள். அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, ஆசை என்பது சொத்தாகாது, அதனால் தடையில்லை, எழுதலாம் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் நடீனுக்கு ஒரு தைரியம் இருந்தது. மேல்முறையீட்டை விசாரிக்கிற குழுவில் உட்காருகிறவர்கள் வெளியாட்கள் இல்லை, மற்ற ஊர் மேயர்களும் கவுண்ட்டி உறுப்பினர்களும்தான். ஓர் ஊருக்குக் குறைத்தால் அந்த எண்ணிக்கை காற்றில் கரையாது, மற்றவர்கள் தலையில்தான் ஏறும். தன் தலையில் ஏறுவதை யார் அனுமதிப்பார்கள்? மனுக்களை உருக்கமாகக் கேட்பார்கள், "உங்க கஷ்டம் புரியுது" என்பார்கள், ஒருமனதாகத் தள்ளுபடி செய்வார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவார்கள். அவளுக்குத் தெரிந்து ஒரு மனுகூட ஜெயித்ததில்லை.

இருந்தாலும் எதற்கு வம்பு என்று, தோற்பதற்கென்றே ஒரு மனு எழுதினாள். லாரல் கிரெஸ்ட்டின் குதிரைகள் மதியம் தூங்குகிறவை என்று ஆரம்பித்தாள். மூன்று மாடிக் கட்டடத்தின் நிழல் லாயத்தின் மேல் விழுந்தால் அவற்றின் தூக்கம் கலையும், தூக்கம் கலைந்த குதிரைக்கு மன உளைச்சல் வரும், குதிரை உளைந்தால் ஊரின் குணமே மாறிவிடும் என்று ஆராய்ச்சிக் கட்டுரை தோரணையில் பதினெட்டுப் பக்கம். இந்த ஊர்க் குதிரை ஒன்றுக்கு இருக்கிற இடம் பிராந்தியத்தில் ஒரு டீச்சர் குடும்பத்துக்கு இருக்கிற இடத்தைவிட அதிகம், அந்தப் பாரம்பரியத்தைக் காப்பது நம் கடமை என்று முடித்தாள். அன்று மாலை கணவன் ரூபனுக்குப் போனில் படித்துக் காட்டியபோது அவன் சிரித்துச் சிரித்துப் புரையேறி, இதைக் கேட்டால் குழு உன்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும் என்றான். வீடு மாறப் போகிறோம் என்று ஐவியிடமும் சொல்லிவிட்டான். அந்தக் குழந்தை பொம்மைகளை அட்டைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டது.

மனுவைப் படித்த லோர்னா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க மனசுல இருந்ததை எப்படித்தான் எழுதின, நடீன்? இத்தனை வருஷமா எனக்கே சொல்ல வார்த்தை கிடைக்கல."

நடீனுக்கு அப்போதே சுருக்கென்றது. இருந்தாலும் லோர்னா குதிரை வளர்க்கிறவள், குழு அப்படி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

விசாரணை நாளன்று மன்றத்தின் கூடம் நிறைந்திருந்தது. பிராந்தியம் முழுக்க ஊர்கள் தங்கள் துயரக் கதைகளோடு வரிசையில் நின்றன. தலைவர் பெர்ட்ரம் கீஸ் குளிர்ந்த காபியோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரே ஒரு நாற்காலி காலி. கணவாய்க்கு அப்பாலிருக்கிற கவுண்ட்டியின் உறுப்பினர் ஹாலிஸ் டார்வர் வரவில்லை. யார் மனு போட்டாலும் முதல் ஆளாக "முடியாது" என்கிறவர் அவர்தான். கணவாயில் வைக்கோல் லாரி கவிழ்ந்து வாகனங்கள் நகராமல் நிற்கின்றன, அதில் அவரும் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று தகவல் வந்தது. அதே சாலையில் விடிவதற்கு முன்பே வந்துவிட்டவள் நடீன். அந்த நெரிசலில் நிற்பவர்கள் யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பக்கத்து ஊர்களில் தோட்டம் வெட்டுகிறவர்கள், பாடம் நடத்துகிறவர்கள், ஊசி போடுகிறவர்கள்.

நடீன் எழுந்து மனுவைப் படித்தாள். குதிரைகள் மதியம் தூங்குகின்றன என்ற வரியில் கொஞ்சம் நிறுத்தி, சிரிப்புக்காகக் காத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஓர் உறுப்பினர் குறிப்பெடுத்தார். இன்னொருவர், மட்டக்குதிரைக்கும் இது பொருந்துமா என்று சந்தேகம் கேட்டார். பொருந்தும் என்றாள் நடீன், வேறென்ன சொல்வது.

பிறகு கீஸ் மன்றத்தின் வக்கீல் பக்கம் குனிந்து மெதுவாக ஏதோ விசாரித்தார். குறைத்த எண்ணிக்கையை எல்லோருக்கும் பங்கு போட்டாக வேண்டுமா, நிலம் தாராளமாக இருக்கிற ஒரே கவுண்ட்டிக்கு மொத்தமாகக் கொடுக்கலாமா என்று. கொடுக்கலாம், அந்தக் கவுண்ட்டியின் உறுப்பினர் எதிர்ப்பைப் பதிவு செய்யாத பட்சத்தில் என்றார் வக்கீல். எல்லோருடைய கண்ணும் அந்தக் காலி நாற்காலிக்குப் போயிற்று. அந்த முகங்களில் வந்த வெளிச்சத்தை நடீன் பார்த்தாள்.

லாரல் கிரெஸ்ட்டின் மனு ஒருமனதாக ஏற்கப்பட்டது. நானூறு வீடு என்பது வெறும் நாற்பத்தொன்றாகக் குறைந்தது, மீதி முழுவதும் டார்வர் தலையில். வரிசையில் நின்ற ஊர்கள் பத்து நிமிட அவகாசம் கேட்டு மூலைக்கு மூலை உட்கார்ந்து தங்கள் மனுக்களைத் திருத்தின. ஒரு ஊர் மயில்களின் நிம்மதியைக் கண்டுபிடித்தது. இன்னொன்று ஆலிவ் மரங்களுக்குக் கூச்ச சுபாவம் என்றது. மதியத்துக்குள் ஏழெட்டு ஊர்கள் சுமையை இறக்கிவிட்டு ஆளுக்கொரு சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

டார்வர் சட்டையெல்லாம் வேர்வையாக உள்ளே நுழைந்தபோது அவர் கவுண்ட்டிக்கு நாலாயிரம் வீடு சேர்ந்திருந்தது. கத்துவார் என்று நினைத்தார்கள். அவர் கத்தவில்லை. உட்கார்ந்து தாள்களைப் படித்தார். இந்தக் குதிரை யோசனை யாருடையது என்று மட்டும் கேட்டார். கூடமே பெருமையோடு நடீனைக் காட்டியது. லோர்னா அவள் முதுகில் கை வைத்து முன்னால் நகர்த்தினாள்.

டார்வர் அவளை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, நீ நம்ம பக்கத்துப் பொண்ணுதானே? போன தேர்தல்ல உன் வீட்டுக்கு வந்து ஓட்டுக் கேட்டேனே. உங்க வீட்டுக்காரர் எலுமிச்சை ஜூஸ் குடுத்தாரு."

"ஆமாங்க."

"நாலாயிரம் வீடும் கட்டிருவோம். கட்டத் தெரியாமலா? ஆனா அங்க குடிவர்றவங்களுக்கெல்லாம் வேலை இந்தப் பக்கம்தான். நாலாயிரம் காரு, எல்லாம் உனக்கு முன்னாடி நிக்கும்." அவர் குரலில் கோபம்கூட இல்லை. "கொஞ்சம் சீக்கிரம் கிளம்பப் பழகிக்கோ."

அன்று பிற்பகல் லோர்னா ஊழியர்களைக் கூட்டிக் கேக் வெட்டினாள். கேக்கின் மேல் சர்க்கரையில் ஒரு குதிரை படுத்திருந்தது. நடீனுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தாள். மிச்சமிருக்கும் நாற்பத்தொன்றைத் தோட்டத்து விருந்தினர் அறைகளாகக் கணக்குக் காட்டிவிடலாம் என்று சொல்லி, கையோடு அடுத்த வேலையையும் கொடுத்தாள். செயின்ட் ஹில்டாவின் நாற்பது குடியிருப்பு இனித் திட்டத்தில் இல்லை என்று பாதிரியாருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும், இந்த மாதிரி விஷயத்தை நீதான் மனம் நோகாமல் சொல்வாய் என்றாள்.

பாதிரியார் நிறுத்துமிடத்தில் வாத்துகளுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு முன்பே எட்டியிருந்தது. நடீன் எதையும் பூசி மெழுகவில்லை, மனுவை எழுதியது தான்தான் என்பதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"கேலிக்கு எழுதினேன், ஃபாதர். சிரிச்சிட்டுத் தூக்கிப் போட்டுருவாங்கன்னு சத்தியமா நம்பினேன்."

அவர் கையிலிருந்த ரொட்டியை முழுக்கப் போட்டு முடித்தார்.

"ஒன்பது வருஷமா இவங்களோட இருக்க. இவங்க செய்யறதைவிடக் கேலியா உன்னால எழுத முடியும்னு எப்படிம்மா நினைச்ச?"

தன் கெட்டிக்காரத்தனத்தின் மேல் அவளுக்கு அன்றைக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. நேர்மையாக, சுமாராக, பக்கத்து ஊர்களைப் போலக் கண்ணீர் விட்டு எழுதியிருந்தால் வழக்கம்போலத் தள்ளுபடியாகியிருக்கும்.

வைக்கோல் லாரியைத் தூக்கிவிட்டிருந்தார்கள், ஆனால் கணவாய்ச் சாலை அன்று மாலையும் ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. நடீன் காரிலிருந்தே ரூபனுக்குப் போன் போட்டாள்.

"தோத்தாச்சா?" அவன் குரலில் சந்தோஷம் முந்திக்கொண்டு வந்தது.

"இல்லடா. ஜெயிச்சுட்டோம்."

பின்னணியில் ஐவி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அட்டைப் பெட்டியை இழுக்கிற ஓசை கேட்டது.

"இவ எல்லாத்தையும் கட்டி வச்சுட்டா, நடீன். போர்வையைக் கூட உள்ள வச்சுட்டா. என்னால சொல்ல முடியாது. நீயே சொல்லிடு."

"நான் வர்றதுக்குள்ள தூங்கிடுவாளே."

"காலையில சொல்லு."

"காலையில அவ எழுந்திருக்கறதுக்குள்ள நான் கிளம்பிடுவேன்."

சனிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அன்று செவ்வாய்க்கிழமைதான்.